ஒரே தொட்டியில் இரண்டு வகை மரத்தவளைகளை வளர்க்கலாமா?

கோத்தகிரியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். இரண்டடிக் கண்ணாடித் தொட்டியில் ஒயிட்ஸ் மரத்தவளை இரண்டு, ஒன்றரை வருடமாக நன்றாக இருக்கின்றன. இப்போது கோயம்புத்தூரில் செங்கண் மரத்தவளை ஒரு ஜோடி கிடைக்கிறது, அதே தொட்டியில் விடலாமா என்பது முதல் கேள்வி. மழைக்காலத்தில் உங்கள் வீட்டுச் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும் சின்னத் தவளையையும் சேர்க்க வேண்டும் என்று மகள் ஆசைப்படுகிறாள், அது சரியா என்பது இரண்டாவது. கடைசியில் "சண்டை போடுமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். அதற்கு மட்டும் பதில் சொன்னால் "பெரிதாகப் போடாது" என்று ஒரு வரியில் முடிந்துவிடும். செங்கண் ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் கிளையை உலுக்கி மிரட்டும், சில சமயம் மல்லுக்கட்டும். அதுகூடத் தன் இனத்து ஆணோடுதான். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு மூன்று விஷயங்கள். ஒன்றின் வாயில் இருந்து மற்றது தப்புமா? ஒன்றின் தோலில் இருப்பது மற்றதற்குப் போகுமா? தொட்டியைக் கழுவிய தண்ணீர் உங்கள் வீட்டைத் தாண்டி எங்கே போய்ச் சேரும்? இந்த மூன்றையும் பார்த்தால் என் பதில்: இரண்டு வகைக்கு இரண்டு தொட்டி. தோட்டத்துத் தவளை எந்தத் தொட்டிக்கும் வேண்டாம். காரணங்களை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் காரணம் புரிந்தால்தான் நாளைக்கு வேறொரு தவளை கிடைக்கும்போதும் நீங்களே முடிவெடுக்க முடியும்.

முதலில் வாய். ஒயிட்ஸ் மரத்தவளை ஆஸ்திரேலியா, நியூ கினி பக்கத்தது. வளர்ந்த பெண் 10 சென்டிமீட்டரைத் தொடும், உடம்பும் கனம். செங்கண் மரத்தவளை மத்திய அமெரிக்க மழைக்காட்டைச் சேர்ந்தது. ஆண் சுமார் 5 சென்டிமீட்டர், பெண் 7. கை, கால் எல்லாம் ஈர்க்குச்சி மாதிரி. தவளைக்கு "இது இரை, இது கூட்டாளி" என்ற பாகுபாடே கிடையாது. அசைய வேண்டும், வாய்க்குள் அடங்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அது இரை. வாய் தலையின் அகலம் முழுக்க விரியும் என்பதால், "அடங்கும்" என்பதன் அளவு நாம் நினைப்பதைவிடப் பெரியது. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துச் சிவப்பு விளக்கில் பார்த்தால் ஒயிட்ஸ் தவளை கிளையில் அசையாமல் குந்தியிருக்கும். பக்கத்து இலையில் ஏதோ ஒன்று விரலை நகர்த்தும். அது கரப்பானா, இன்னொரு தவளையின் கால் விரலா என்று பார்த்துக்கொண்டிருக்காது. உடம்பையே முன்னால் எறிந்து கவ்வும். கவ்வியபின் முன்னங்கைகளால் வாய்க்குள் தள்ளும். பாதி உள்ளே போன செங்கண் தவளையை வெளியே இழுத்துக் காப்பாற்றினாலும் கால் எலும்பு முறிந்திருக்கும். முழுதாக விழுங்கிவிட்டால் விழுங்கியதற்கும் ஆபத்து, இரையின் தோலில் சுரக்கும் பொருள்கள் வயிற்றுக்குள் போகின்றன. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒயிட்ஸ் தவளை தன் இனத்துக் குஞ்சையே விழுங்கும். அதே இனத்தை வளர்க்கும்போதும் சம அளவில் உள்ளவற்றைத்தான் ஒன்றாக விடச் சொல்கிறோம்.

அடுத்தது ஈரப்பதம். வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகும் போலத்தான் தெரியும். பகலில் 25 முதல் 27 டிகிரி, இரவில் 20, 21 இருந்தால் இரண்டுக்கும் சரி. பலரும் சேர்த்து வைக்கத் துணிவது இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான். ஆனால் செங்கண் தவளைக்கு இரவு ஈரப்பதம் 80 சதவீதத்துக்குப் பக்கம் ஏற வேண்டும். ஒயிட்ஸ் தவளை வறண்ட காலத்தையும் தாங்கிப் பழகிய இனம்; அதற்கு 50, 60 சதவீதம் போதும், இரவு ஒருமுறை தெளித்துவிட்டுப் பகலில் தொட்டி உலர வேண்டும். நாள் முழுக்கச் சொதசொதவென்று வைத்தால் வயிற்றுத் தோலில் பாக்டீரியாத் தொற்று வரும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்குள் துணியே காயாது. அந்த நாட்களில் ஒயிட்ஸ் தொட்டியை உலர வைப்பதே பெரும்பாடு. அதே தொட்டியில் செங்கண் தவளைக்காகத் தண்ணீரும் தெளித்துக்கொண்டிருந்தால் யாருக்காக அந்தத் தொட்டி என்று உங்களுக்கே தெரியாது. நடுவில் 70 சதவீதம் என்று ஒரு சமரசம் செய்வார்கள். அது இரண்டுக்கும் உயிர் போகாத அளவு, அவ்வளவுதான்.

மூன்றாவது தண்ணீர்க் கிண்ணம். எல்லோரும் அலட்சியமாக விடுவது இதைத்தான். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலைத் தண்ணீரில் அழுத்தி உட்கார்ந்து உறிஞ்சிக்கொள்கிறது. காலையில் கிண்ணத்தைப் பாருங்கள். இரவு உட்கார்ந்து உறிஞ்சிய அதே இடத்தில் கறுப்பாக ஒரு கழிவு, பக்கத்தில் உரித்த தோலின் மெல்லிய சவ்வு, மேலே லேசாக ஒரு வழுவழுப்பு. அடுத்த தவளை வந்து உட்காரும்போது இதில் கரைந்த அத்தனையும் அதன் தோல் வழியாக உள்ளே போகிறது. ஒவ்வொரு மரத்தவளை இனமும் தன் தோலில் தனக்கென்று ஒரு கலவையைச் சுரக்கிறது. ஒயிட்ஸ் தவளையின் சுரப்பில் உள்ள கேரின் என்ற புரதத் துணுக்குகள் நன்கு ஆராயப்பட்டவை. கியூபா மரத்தவளையின் சுரப்பு மனிதர் கண்ணில் பட்டாலே எரியும். தேரைகளின் நஞ்சு இன்னும் கடுமை, அது இதயத்தையே தாக்கும். ஆகவே தேரையையும் மரத்தவளையையும் ஒன்றாக வைக்கக் கூடாது என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஒயிட்ஸ் தவளையின் சுரப்பு கிண்ணத் தண்ணீரில் கரைந்து செங்கண் தவளையைக் கொல்லும் அளவுக்குப் போகுமா என்பதில் வளர்ப்பவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தண்ணீரின் அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறோம், தவளை மிரண்டு அதிகம் சுரந்ததா என்பதைப் பொறுத்தது அது. தினமும் தண்ணீர் மாற்றினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும் என்பது மட்டும் உறுதி.

இனி உண்மையான பயம். கைட்ரிட் பூஞ்சை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், முழுப் பெயர் பாட்ராகோகைட்ரியம் டென்ட்ரோபேட்டிடிஸ். 1999இல் இதற்குப் பெயர் வைத்தார்கள். வாஷிங்டன் தேசிய விலங்கியல் பூங்காவில் இறந்த ஒரு நீல நச்சுத்தவளையில் இருந்து பிரித்தெடுத்தது அது. அதே காலத்தில், வளர்ப்பில் இருந்த ஒயிட்ஸ் மரத்தவளைகளிலும் இந்த நோயைப் பதிவு செய்தார்கள். அதாவது உங்கள் வீட்டில் இருக்கும் இனம் இந்த நோய்க்குத் தப்பியதல்ல. 2019இல் வந்த உலகளாவிய மதிப்பீட்டின்படி, இந்தப் பூஞ்சையால் குறைந்தது 501 நீர்நில வாழ் இனங்கள் சரிந்தன, அவற்றில் 90 அழிந்துபோயிருக்கலாம். அது பரவியதற்கு, உயிருள்ள தவளைகளை நாடு விட்டு நாடு விற்றது ஒரு முக்கியக் காரணம். பூஞ்சையின் வித்துக்கு வால் உண்டு, தண்ணீரில் நீந்திப் போகும். தவளையின் தோலுக்குள் புகுந்து வளர்ந்து, தோல் வழியாக உப்புகளைக் கட்டுப்படுத்தும் வேலையைக் கெடுக்கும். ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்து கடைசியில் இதயம் நின்றுவிடும்.

மலையில் இருக்கும் நாம் இதைத் தனியாகக் கவனிக்க ஒரு காரணம் இருக்கிறது. இந்தப் பூஞ்சைக்கு மிகவும் பிடித்த வெப்பநிலை 17 முதல் 25 டிகிரி. 28ஐத் தாண்டினால் அதன் வளர்ச்சி தடுமாறும், 30க்கு மேல் தொடர்ந்து இருந்தால் செத்துவிடும். சென்னையில் ஏசி இல்லாத அறையில் ஒரு தொட்டி இருந்தால், கோடை வெயிலே ஓரளவு அதை அடக்கி வைக்கும். கோத்தகிரியிலோ குன்னூரிலோ கொடைக்கானலிலோ ஒரு சாதாரண வீட்டு அறை வருடத்தின் பெரும்பகுதி எத்தனை டிகிரியில் இருக்கிறது? 18, 20, 22. பூஞ்சைக்கென்றே வைத்த மாதிரி. அதனால் சமவெளியில் கலந்து வளர்த்து ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால், அவர் உண்மையே சொன்னாலும் நம் ஊருக்கு அது பொருந்தாது. வெளியில் இருந்து வரும் தவளை பார்வைக்கு முழு ஆரோக்கியமாக இருந்துகொண்டே இதைச் சுமந்து வரலாம். புகைப்படத்தைப் பார்த்து நானோ வேறு யாருமோ "இது சுத்தம்" என்று சொல்ல முடியாது. பஞ்சுக்குச்சியால் அடிவயிறு, தொடை, பின்னங்கால் விரலிடைத் தோலைத் துடைத்து எடுத்து பிசிஆர் சோதனை செய்தால்தான் தெரியும். ஒருமுறை தொற்று இல்லை என்று வந்தாலும் போதாது, சில வாரம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

நோய் முற்றினால் தெரியும் அறிகுறிகள் இவை. அடிக்கடி தோல் உரியும், உரிந்தது முழுதாகக் கழலாமல் கிழிந்த சல்லாத் துணிபோல் உடம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும். அடிவயிறும் தொடையும் சிவக்கும். பகலில் இலைக்கு அடியில் தூங்க வேண்டியது தரையிலோ கிண்ணத்திலோ கிடக்கும். பின்னங்கால்களை உடம்போடு மடக்காமல் விரித்து உட்காரும். மெல்ல மல்லாக்கத் திருப்பிப் போட்டால் நல்ல தவளை அந்தக் கணமே புரண்டு எழும், நோயுற்றது தடுமாறும். இந்த நிலையில் ஊர் பேர் தெரியாத மருந்தளவை இணையத்தில் பார்த்துப் போடாதீர்கள். இட்ராகோனசோல் குளியல்தான் வழக்கமான சிகிச்சை, ஆனால் செறிவு கூடினால் அந்த மருந்தே கொல்லும், குஞ்சுகளை இன்னும் எளிதாக. மருந்தளவைத் தவளையைக் கையில் எடுத்துப் பார்க்கும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எழுத்தில் சொல்ல மாட்டேன். எல்லா மருத்துவரும் தவளை பார்ப்பதில்லை என்பதால், யார் பார்ப்பார் என்பதை வாங்கும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"எங்கள் வீட்டில் மூன்று வகை ஒரே தொட்டியில் நான்கு வருடமாக இருக்கிறது" என்று சிலர் எழுதுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பொய் என்று நான் சொல்லவில்லை. பெரிய விலங்கியல் பூங்காக்களும் பல இனங்களைச் சேர்த்துக் காட்சிக்கு வைக்கின்றன. அங்கே ஒவ்வொன்றும் தனிமைக் காலம் முடித்து, சோதனை செய்து, ஆள் வைத்துத் தினமும் எண்ணிப் பார்க்கப்படுகிறது. வீட்டில் நடப்பது இப்படி: ஒன்று மெலிந்து சாகும், "வயசாகிவிட்டது போல" என்று நினைப்போம், ஏன் செத்தது என்று பிரேதப் பரிசோதனை செய்ய மாட்டோம். ஒயிட்ஸ் தவளை சரியாக வைத்தால் 15 வருடத்துக்கு மேல் வாழும் பிராணி. நான்கு வருடம் பிழைத்தது என்பது அதற்கு நல்ல சான்றிதழ் இல்லை.

செங்கண் ஜோடியை வாங்குவது என்றே முடிவானால், அவை உங்கள் வீட்டுக்குள் வரும் நாளில் இருந்து 90 நாள் தனி அறையில் இருக்க வேண்டும். அடுத்த மேசையில் வைத்தால் அது தனிமை ஆகாது. தனிமைத் தொட்டியில் மண், பாசி எதுவும் வேண்டாம். தரையில் ஈரமான வெள்ளை டிஷ்யூ, கழுவக்கூடிய பிளாஸ்டிக் செடி ஒன்று, ஒரு பிவிசி குழாய்த் துண்டு, ஒரு கிண்ணம். வெள்ளை டிஷ்யூவில்தான் கழிவின் நிறம், புழு, ரத்தம் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தினமும் டிஷ்யூவை மாற்றுங்கள். முதல் வாரமும் ஆறாவது வாரமும் கழிவைப் புழு, ஒட்டுண்ணிச் சோதனைக்குக் கொடுங்கள். வாரம் ஒருமுறை கிராம் தராசில் ஒரு மூடிய டப்பாவோடு எடை பார்த்து எழுதி வையுங்கள். கண்ணுக்குத் தெரியும் முன் எடை சொல்லிவிடும். வேலை செய்யும் வரிசை எப்போதும் பழைய தொட்டி முதலில், புதியது கடைசியில். இடுக்கி, கிண்ணம், ஸ்ப்ரே பாட்டில் எல்லாம் தொட்டிக்கு ஒரு செட். கைப்பிடியில் வேறு வேறு நிற டேப் சுற்றிவிட்டால் வீட்டில் மற்றவர்களும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். தொடவேண்டி வந்தால் பவுடர் இல்லாத நைட்ரைல் கையுறையை குளோரின் நீக்கிய தண்ணீரில் நனைத்துவிட்டுத் தொடுங்கள். சோப்பு, கிரீம், கொசு மருந்து தடவிய கை தவளைக்கு நஞ்சு. வேலை முடிந்ததும் நீங்கள் கை கழுவுவது சால்மோனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமிக்காக.

தனிமை முடிந்தபின்னும் இரண்டு தொட்டிகள்தான், பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். செங்கண் ஜோடிக்கு 45 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 60 உயரம். உயரம் முக்கியம், அவை தரைக்கு அதிகம் வராது. அடியில் 5 சென்டிமீட்டர் சுட்ட களிமண் உருண்டை, அதன்மேல் கொசுவலை, அதன்மேல் 6, 7 சென்டிமீட்டர் தென்னைநார்த் தூள். மணி பிளான்ட் போதும், அகல இலையின் அடியில் ஒட்டிக்கொண்டு பகல் முழுக்கத் தூங்கும். நர்சரிச் செடியை வேரோடு கழுவி, புதுமண்ணில் ஒரு மாதம் தனியே வைத்தபின்தான் உள்ளே வைக்க வேண்டும், பூச்சிமருந்து இருக்கும். மலையில் சூடு கொடுக்காமல் முடியாது. மார்கழி, தை இரவுகளில் ஹீட்டர் இல்லாத அறை 12, 13 டிகிரிக்கு இறங்கும். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் 60 வாட், தொட்டிக்கு வெளியே வலைமூடியின் மேல், மிக அருகில் உள்ள கிளைக்கும் அதற்கும் 30 சென்டிமீட்டர் இடைவெளி. தெர்மோஸ்டாட்டின் உணர்கருவியைத் தரையில் போடாதீர்கள். தவளை தூங்கும் உயரத்தில் கட்டுங்கள். தரையில் போட்டால் கீழே 22 காட்டும்போது மேலே 32 ஆகியிருக்கும், தவளை அங்கே வெந்துகொண்டிருக்கும். பின்புறமும் இரண்டு பக்கமும் தெர்மோகோல் ஒட்டினால் பாதிச் சூடு மிச்சம். ஹீட்டர் காற்றை உலர்த்தும் என்பதால் செங்கண் தொட்டியின் வலைமூடியில் பாதியை அக்ரிலிக் தகட்டால் மூடுங்கள். ஒயிட்ஸ் தொட்டியில் நேர்மாறாக, மழைக்காலத்தில் மூடியை முழுக்கத் திறந்துவிட்டு, கம்ப்யூட்டரில் இருக்கும் சின்ன ஃபேன் ஒன்றைப் பகலில் மூன்று நான்கு மணி நேரம் ஓடவிட்டால் கண்ணாடியில் வியர்ப்பது நிற்கும். ஒரே வீட்டில், ஒரே மழையில், இரண்டு தொட்டிக்கும் எதிர் எதிர் வேலை செய்கிறோம் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாததற்கு இதைவிடக் கண்கூடான காரணம் இல்லை. புயல்மழையில் கரண்ட் போனால் பதற வேண்டாம். ஒரு வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே சாய்த்து, மேலே கம்பளி போர்த்தி, காற்றுக்கு ஒரு மூலை விடுங்கள். ஓர் இரவு 15, 16 டிகிரி வளர்ந்த தவளையைக் கொல்லாது, சூடாக்கியே தீருவேன் என்று அவசரப்படுவதுதான் கொல்லும்.

தண்ணீர் விஷயத்தில், ஊற்று நீரும் ஓடை நீரும் "இயற்கை" என்பதால் நல்லது என்று நினைக்க வேண்டாம். மேலே தேயிலைத் தோட்டமோ கேரட், கோஸ் காடோ இருந்தால் அடித்த மருந்து அதில் இறங்கியிருக்கும், ஓடையில் தவளைகளின் நோய்க்கிருமியும் இருக்கலாம். குழாய்த் தண்ணீரைப் பிடித்து 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். மீன் தொட்டிக்கு விற்கும் சோடியம் தயோசல்பேட் சொட்டுகளைச் சேர்த்தால் உடனே போகும். அதே காரணத்துக்காகத் தோட்டத்தில் பிடித்த பூச்சியைத் தீனியாகப் போடாதீர்கள். வளர்ந்த ஒயிட்ஸ் தவளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று தடவை, தடவைக்கு நான்கைந்து டூபியா (தீனிக்கென்றே வளர்க்கும் ஒரு வகைக் கரப்பான்) அல்லது சில்வண்டு. கண்ணுக்கு மேல் மடிப்பு சரிந்து காதுச் சவ்வை மூட ஆரம்பித்தால் தீனி அதிகம் என்று பொருள். செங்கண் தவளைக்குச் சிறிய பூச்சி, ஒருநாள் விட்டு ஒருநாள், நாலைந்து. வாரம் இருமுறை கால்சியம் பவுடரில் புரட்டிக் கொடுங்கள். தின்னாமல் மிஞ்சிய சில்வண்டை இரவே எடுத்துவிட வேண்டும், அது தூங்கும் தவளையின் தோலைக் கடிக்கும். ஒரே தொட்டியில் இரண்டு வகை இருந்தால் ஒயிட்ஸ் தவளை எல்லாவற்றையும் அள்ளிவிடும், செங்கண் கண் எதிரே மெலியும்.

இத்தனையும் படித்தபின் எப்போதாவது கலந்து வளர்த்தே ஆக வேண்டும் என்று தோன்றினால், குறைந்தபட்ச நிபந்தனை இது: இரண்டும் ஒரே நிலப்பகுதியைச் சேர்ந்தவை, ஒரே ஈரப்பதம் கேட்பவை, நீள வித்தியாசம் கால்பங்குக்குள், இரண்டுக்கும் 90 நாள் தனிமையும் இருமுறை சோதனையும் முடிந்தது. தொட்டி 90 சென்டிமீட்டர் நீளம், 90 உயரத்துக்குக் குறையக் கூடாது, கிண்ணம் இரண்டு, தீனி இடுக்கியால் ஒவ்வொன்றுக்கும் தனியே. பக்கத்தில் சூடும் ஈரமும் சரிசெய்த காலித் தொட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும், ஒன்று சுணங்கிய அன்றே பிரிக்க. இப்படிப் பொருந்தும் ஜோடிகளிலும் சிக்கல் உண்டு. அமெரிக்கப் பச்சை மரத்தவளையும் அதே பகுதியின் குரைக்கும் மரத்தவளையும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகும், ஆனால் அவை ஒன்றோடொன்று இணைந்து கலப்பினக் குஞ்சு ஈனும். கூட்டமாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால், உங்கள் ஒயிட்ஸ் இரண்டோடு அதே அளவில் இன்னொரு ஒயிட்ஸ், அதுவும் தனிமைக்குப் பிறகு. இருக்கிற இரண்டடித் தொட்டியே மூன்றுக்கும் போதும், உயரம் இரண்டடிக்குக் குறையாமல் இருந்தால்.

செங்கண் தவளைக்குச் சட்டப் பக்கமும் உண்டு. நாடுகளுக்கிடையே வனவுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது 2010இல் சேர்ந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்துக்குப் பிறகு சைட்டிஸ் இனங்கள் நான்காம் அட்டவணையில் வருகின்றன, 2024 விதிகளின்படி வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவரிடம் அது எங்கே பிறந்தது, என்ன தாள் இருக்கிறது என்று கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள், தாள் இல்லாத தவளைக்கு நோய் வரலாறும் இருக்காது.

கழிவுநீர் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் இந்தப் பதிலில் மிக முக்கியமானது இதுதான். கோத்தகிரியில் உங்கள் வீட்டுச் சாக்கடை எங்கே இறங்குகிறது? பள்ளத்து ஓடைக்கு. நீலகிரிக்கே உரிய கட்டிக்சாலஸ் வேரியபிலிஸ் போன்ற மரத்தவளைகள் அப்படிப்பட்ட ஓடைக்கு மேல்தான் நுரைக்கூடு கட்டுகின்றன, தலைப்பிரட்டைகள் அந்த ஓடும் தண்ணீரில் வளர்கின்றன. தலைப்பிரட்டையின் வாய்ப் பற்களில்தான் கைட்ரிட் முதலில் குடியேறும். அதன் உறவான கட்டிக்சாலஸ் ஆஸ்டெராப்ஸ் பழனி மலைப் பக்கத்தது. 2008இல்தான் அறிவியலில் பெயரே பெற்றது. இந்தப் பூஞ்சை மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது, மத்திய அமெரிக்காவில் நடந்தது மாதிரியான பேரழிவு இங்கே பதிவாகவில்லை. "ஏற்கெனவே இருப்பதுதானே" என்று விட முடியாது. இதில் பல வம்சங்கள் உண்டு, சில மிகக் கொடியவை. இங்குள்ள தவளைகள் பழகிய வம்சமும் கடையில் இருந்து வரும் வம்சமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. செய்ய வேண்டியது எளிது. கிண்ணத் தண்ணீர் தினம் அரை லிட்டர்தான் இருக்கும். அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் வைத்து 15 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பூந்தொட்டியில் ஊற்றுங்கள். பூஞ்சை 60 டிகிரியிலேயே சில நிமிடத்தில் செத்துவிடும். ரானாவைரஸ் என்ற இன்னொரு கிருமிக்காகத்தான் கூடுதல் நேரம். பழைய தென்னைநார்த் தூளையும் கொதிநீரில் மூழ்க ஊறவைத்துவிட்டே வெளியேற்றுங்கள். கிண்ணம், இடுக்கிக்கு 4 சதவீத பிளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து 15 நிமிடம் ஊறவைத்து, வாடை போகும்வரை அலசி, காய வையுங்கள். பூஞ்சை முழுதாக உலர்ந்தால் சாகும் என்பது உண்மை, ஆனால் மூடுபனி நாளில் நம் ஊரில் எதுவும் முழுதாக உலராது; பிளீச்சைத் தவிர்க்க முடியாது. பிளீச்சோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலக்கவே கூடாது, நச்சு வாயு வரும்.

கடைசியாக, மகளின் சின்னத் தவளை. சுவரிலும் செடியிலும் வரும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தவளை பெரும்பாலும் ரவோர்செஸ்டெஸ் பேரினத்துப் புதர்த்தவளையாக இருக்கும். நீலகிரியில் டின்னியென்ஸ், சிக்னேட்டஸ் போன்றவை, கொடைக்கானல் பக்கம் துபோயிஸ். இந்த மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனங்கள். உங்கள் ஒயிட்ஸ் தவளைக்கு அது ஒரு வாய்த் தீனி. ஒரே இரவு தொட்டியில் வைத்துவிட்டு மறுநாள் பத்திரமாகத் தோட்டத்தில் விட்டாலும், தொட்டியில் இருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று தெரியாது. காட்டில் பிடித்தது என்றால் சட்டப்படியும் குற்றம். மகளிடம் "தொடாதே" என்று மட்டும் சொல்லாமல், அதைப் பார்க்க ஏற்பாடு செய்து கொடுங்கள். இந்தத் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே வெளியில் கிடையாது. முட்டைக்குள்ளேயே வளர்ந்து, அரிசி அளவில் முழுத் தவளையாக வெளியே வரும். ஹைட்ரேஞ்சா, பெரணி மாதிரி அடர்ந்த செடி ஒரு மூலையில் வெட்டாமல், மருந்தடிக்காமல் விடுங்கள், அந்தப் பக்கத்து வாசல் விளக்கை இரவில் அணையுங்கள். முதல் கோடை மழை விழுந்த மாலை, ஆறரை ஏழு மணிக்கு, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லுங்கள். சத்தம் வரும் இடத்தில் இடுப்பு உயரத்து இலைகளைப் பார்த்தால், கழுத்துப் பை பட்டாணிபோல் உப்பி அடங்குவது தெரியும்.